சாம்பலுக்குப் பிறந்த சிவப்பு

முட்டைத்தோலைக் கீறிக்கொண்டு முதலில் எட்டிப் பார்த்த தலையில் சிவப்பு இருந்தது. டார்ச்சின் மஞ்சள் ஒளி கண்ணை ஏமாற்றுகிறது என்று நினைத்து, வெள்ளை ஒளி தரும் இன்னொரு டார்ச்சை எடுத்துவந்து பார்த்தேன். அப்போதும் சிவப்புதான். நான் வளர்ப்பது கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு. அதன் குட்டிகள் கீறல் விட்ட உடனே வெளியே வந்துவிடுவதில்லை. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட அப்படியே கிடக்கும். அந்த ஒரு நாளில் நான் பெட்டியை எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கில்லை. அடிக்கடி திறந்தால் ஈரப்பதம் குறையும் என்று தெரிந்தும் திறந்தேன். மாலைக்குள் இன்னும் மூன்று முட்டைகள் கீறின, மறுநாள் மற்றவை. மொத்தம் 14 குட்டிகள். முதுகில் செம்பழுப்புத் திட்டுகள், கழுத்தருகே திட்டுகளுக்கு இடையில் ஆரஞ்சுப் பூச்சு. ஒன்று விடாமல் எல்லாமே நார்மல், அதாவது இந்தப் பாம்பின் இயல்பான நிறம்.

அப்பா சாம்பல். அம்மாவும் சாம்பல். இரண்டையும் நான் அனெரி என்று குறித்து வைத்திருந்தேன். சிவப்பு நிறமியே இல்லாத பாம்புகள். அனெரி ஒடுங்கு பண்பு. ஒரு பாம்பு சாம்பலாகத் தெரிய வேண்டுமென்றால் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் குட்டிக்குக் கொடுக்க இருவரிடமும் வேறு எதுவும் இல்லை. பெற்றோரின் மரபணு எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்கும் புன்னட் கட்டம் போட்டால் நான்கு அறைகளிலும் ஒரே எழுத்துதான் வரும். மார்ஃப் (நிற, வடிவ வகை) கணிப்பில் இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. அமெலும் (கறுப்பு நிறமி இல்லாத வகை) அனெரியும் மறைந்திருக்கும் ஜோடிகளுக்குப் பதினாறு அறைக் கட்டம் போட்டு விரல்விட்டு எண்ணியவன் நான். இதற்குக் கட்டம்கூடப் போடவில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று விட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் இரண்டு சாம்பல் குட்டிகளுக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்று இரவு அலைபேசியை எடுக்கவே இல்லை.

நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த 14 குட்டிகளில் 12 நல்ல கைகளுக்குப் போய்விட்டன, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்னிடம் இருக்கின்றன. ஆனாலும் அந்த முதல் சிவப்புத் தலை மனதை விட்டுப் போகவில்லை. பலமுறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இப்போது எழுதுகிறேன்.

யார் மேல் சந்தேகம்

முதலில் சந்தேகப்பட்டது வேறோர் ஆணை. பெண் பாம்பு விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும். போன பருவத்தில் சேர்ந்த ஆணின் குட்டி இந்தப் பருவத்து அடையில் வந்த கதைகள் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிழலை (அந்தப் பெண்ணின் பெயர் அது) நான்கு மாதக் குட்டியாக வாங்கியவன் நான். மூன்று வயது, மூன்றடி நீளம், 300 கிராம் என்ற பழைய விதியைத் தாண்டிய பிறகும் இன்னும் ஒரு ஆண்டு பொறுத்துத்தான் ஜோடி சேர்த்தேன். மேகத்தைத் தவிர வேறு ஆண் அவள் பெட்டிக்குள் போனதில்லை. ஆக, குட்டிகளின் தந்தை மேகம்தான்.

அடுத்த சந்தேகம் விற்றவர் மேல் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. "நீங்கள் கொடுத்தது அனெரி இல்லை, பொய் சொல்லி விற்றிருக்கிறீர்கள்" என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. "அம்மா, அப்பா இரண்டையும் நான் சாம்பல் நிறத்தில்தான் வாங்கினேன் தம்பி. சாம்பலாக இருந்ததால் அனெரி என்று எழுதினேன். நீங்களும் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். நிழலின் பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'அனெரி' என்று எழுதியது என் கை.

என் கணிப்பு எங்கே விழுந்தது என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. கட்டத்தில் தவறில்லை. கட்டத்துக்கு வெளியே, முதல் எழுத்தை எழுதும் இடத்திலேயே தவறு நடந்திருந்தது. கண்ணால் கண்ட நிறத்துக்கு ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரை மரபணுவின் பெயராக எடுத்துக்கொண்டு கட்டத்தில் போட்டேன்.

கழுத்து

மறுநாள் காலை ஜன்னல் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்து இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். மேகத்தின் கழுத்தின் இரு பக்கமும், தாடைக்குக் கீழேயும் மஞ்சள் இருந்தது. அனெரி பிறக்கும்போது கறுப்பும் சாம்பலுமாகத்தான் பிறக்கும், வளர வளரத்தான் கழுத்தில் மஞ்சள் ஏறும். நிழலின் கழுத்தில் மஞ்சள் இல்லை. ஒரு துளிகூட இல்லை. தாடையிலிருந்து வயிறு வரை கரிக்கோடும் முத்து வெள்ளையுமாக இருந்தாள். முதுகுத் திட்டுகளுக்கும் இடைநிறத்துக்கும் இருக்க வேண்டிய அழுத்தமான வித்தியாசமும் அவளிடம் குறைவு, புகை படிந்த மாதிரி ஒன்றோடொன்று கலந்திருந்தது.

இது அன்றைக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. என் குறிப்பேட்டில், ஜோடி சேர்ப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே, "நிழலுக்கு இன்னும் மஞ்சள் வரவில்லை, மேகத்துக்கு இந்த வயதில் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரியில் "ஒவ்வொன்றும் ஒரு விதம்" என்று நானே சமாதானமும் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு வரிகளையும் அன்று காலை பலமுறை படித்தேன். சான்று கையில் இருந்திருக்கிறது. பாம்பைத் தூக்கும்போதெல்லாம் கழுத்து என் விரல்களுக்கு இடையில்தான் இருந்திருக்கிறது. பெட்டி மேல் ஒட்டிய சீட்டு அதைப் பார்க்கவிடவில்லை.

நிழல் அனெரி இல்லை, சார்கோல். இரண்டும் சாம்பல், இரண்டும் ஒடுங்கு பண்பு, ஆனால் வேறு வேறு மரபணு. ஒரு காலத்தில் சார்கோலையே 'அனெரி பி டைப்' என்றுதான் அழைத்தார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. இப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தபோது சாம்பல் பிறக்கவில்லை என்பதுதான் இரண்டும் வேறு என்பதற்கான சாட்சி.

எப்படி என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் அழகானது. தோலில் சிவப்பு வந்து சேர ஒரு மரபணு மட்டும் வேலை செய்தால் போதாது, பல மரபணுக்கள் தத்தம் வேலையைச் செய்ய வேண்டும். மேகத்துக்கு அதில் ஓர் இடத்தில் பழுது, நிழலுக்கு வேறோர் இடத்தில். மேகத்தின் பழுதான இடத்தில் நிழலிடம் நல்ல பிரதி இருந்தது. நிழலின் பழுதான இடத்தில் மேகத்திடம் இருந்தது. குட்டிக்கு இரண்டு நல்ல பிரதிகளும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. தாய்க்கும் தந்தைக்கும் வராத சிவப்பு 14 குட்டிகளுக்கும் வந்தது அப்படித்தான்.

இதைத் தெரிந்துகொண்ட வாரத்தில் இன்னொன்றும் கிடைத்தது. நாம் தினமும் கட்டம் போடுகிறோமே, அந்தக் கட்டத்துக்குப் பெயர் கொடுத்த ரெஜினால்ட் புன்னட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனோடு சேர்ந்து மணப்பட்டாணிச் செடிகளை வளர்த்தார். வெள்ளைப் பூப் பூக்கும் இரண்டு வகைகளைக் கலந்தார்கள். அடுத்த தலைமுறை முழுக்க ஊதாப் பூ! அந்த ஊதாச் செடிகளை மறுபடி தங்களுக்குள் சேர்த்தபோது 9 ஊதாவுக்கு 7 வெள்ளை என்ற கணக்கில் பூத்தன. வெள்ளையும் வெள்ளையும் ஊதா, சாம்பலும் சாம்பலும் சிவப்பு. என் அடைப்பெட்டியில் நடந்ததை அவர்கள் நூறு ஆண்டுக்கும் முன்னால் தோட்டத்தில் பார்த்துவிட்டார்கள். அதைப் படித்த அன்றுதான் விற்றவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

இரண்டு விதமான ஏமாற்றம்

என் நண்பர் ஒருவருக்கு வேறு மாதிரி நடந்தது. அவருடைய ஜோடி இரண்டுமே அமெலுக்கும் அனெரிக்கும் ஹெட். பார்த்தால் நார்மல், உள்ளே ஒவ்வொரு பண்பிலும் ஒரு பிரதி மறைந்திருக்கிறது. அவர் எதிர்பார்த்தது ஸ்னோ, அதாவது அமெலும் அனெரியும் சேர்ந்த அந்த வெளிர் இளஞ்சிவப்புக் குட்டி. பதினாறில் ஒன்று என்பது கணக்கு. 16 முட்டை இட்டது, 16உம் பொரிந்தது, ஸ்னோ ஒன்றுகூட இல்லை. பெற்றோரின் ஹெட் பொய்யோ என்று தூக்கம் இல்லாமல் கிடந்தார். அடையில் அமெலும் இருந்தது, அனெரியும் இருந்தது. அப்படியென்றால் பெற்றோர் இருவரிடமும் இரண்டு பண்புகளும் இருப்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. அவருக்கு வாய்ப்பு அமையவில்லை, அவ்வளவுதான். பதினாறில் பதினைந்து என்ற பின்னத்தைப் பதினாறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 36 சதவீதம் வரும். இதே மாதிரி நூறு அடைகள் வைத்தால் முப்பத்தாறில் ஸ்னோ இருக்காது. ஒவ்வொரு முட்டையும் தனியாகக் குலுக்கிப் போட்ட சீட்டு. பக்கத்து முட்டையில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

அவர் ஏமாற்றமும் என் ஏமாற்றமும் ஒன்றல்ல. அவர் 16க்கு 1 என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்தார், அந்த ஒன்று விழவில்லை. நான் நூற்றுக்கு நூறு என்று இருந்தேன், நூறுமே தவறு. சின்னச் சதவீதங்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், 100 என்று எழுதியதைச் சரிபார்ப்பதில்லை. இப்போது நான் அதிகம் சரிபார்ப்பது அந்த நூறுகளைத்தான். அமெல் என்று நினைத்தது அல்ட்ராமெல்லாக இருக்கலாம். அல்ட்ராவும் அமெலும் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிரதி சேர்ந்தால் இடைப்பட்ட நிறம் வரும், அதுதான் அல்ட்ராமெல். முதுகு வடிவ வகைகளான மோட்லியும் ஸ்ட்ரைப்பும் அதே போல ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. மோட்லி வடிவம் கொண்ட பாம்பிடம் ஒரு ஸ்ட்ரைப் பிரதி ஒளிந்திருக்கலாம். காரமெல் என்ற இன்னொரு வகையின் குட்டியையும் அனெரி குட்டியையும் பொரிந்த வாரத்தில் பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும். இவற்றில் எதை மாற்றி எழுதினாலும் கட்டம் கீழ்ப்படிந்து தவறான விடையைத் தரும்.

இந்த விஷயத்தில் 66% ஹெட் என்ற சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண் பாம்பின் உடலுக்குள் எங்கோ இருப்பது போலப் பலர் பேசுகிறார்கள். இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அனெரி, இரண்டு ஹெட், ஒன்று எதுவும் இல்லாதது. அனெரியைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடுகிறோம். மிச்சம் மூன்றில் இரண்டு ஹெட். அதுதான் 66. ஆனால் கையில் இருக்கும் குட்டி ஹெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. மூன்றில் இரண்டு பங்கு ஹெட் என்று ஒரு பாம்பு உலகில் இல்லை. அந்தக் குட்டி வளர்ந்து ஓர் அனெரியோடு சேர்ந்து ஐந்து குட்டிகள் பொரிந்து, ஐந்தும் நார்மலாக இருந்தால், 66 என்பது பதினேழில் ஒன்றாக, 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆறாவது முட்டையில் ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்தால் அதே நொடியில் 100 ஆகிவிடும். இத்தனைக்கும் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பில் எதுவும் மாறவில்லை. மாறியதெல்லாம் நமக்குத் தெரிந்ததன் அளவு. 66 என்பது என் அறியாமைக்கு நான் போட்ட அளவு என்று புரிந்த பிறகு, அந்தச் சீட்டை எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாகிறது.

இதற்குச் 'சோதனைச் சேர்க்கை' என்று பெயர் வைத்து, சந்தேகம் தீர்வதற்காகவே ஜோடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சந்தேகத்துக்கு விடையாகப் பத்து, இருபது உயிர்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சரியான சூட்டில் பெட்டி வேண்டும், முதல் சட்டை உரித்த பிறகு பிங்கி எலியை (மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) வாயில் எடுக்க மறுக்கும் குட்டியோடு வாரக்கணக்கில் பொறுமையாக இருக்க வேண்டும், பதினைந்து, இருபது ஆண்டு பார்த்துக்கொள்ளும் மனிதர் வேண்டும். உரித்த சட்டையிலிருந்தே சில மார்ஃப்களுக்கு மரபணுச் சோதனை செய்துகொடுக்கும் ஆய்வகங்கள் இன்று இருக்கின்றன. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெல் பாம்பின் பழுது ஓ.சி.ஏ.2 மரபணுவில் இருப்பதை 2015இல் காட்டினார்கள், லாவெண்டர் என்ற மார்ஃபின் பழுது எல்.ஒய்.எஸ்.டி மரபணுவில் என்பதை 2020இல். 1953இல் வட கரோலினாவில் காட்டில் பிடிபட்ட ஒரு அமெல் ஆணை வைத்துத் தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெல் ஜோடி சேர்த்துப் பார்த்த காலத்தில் குட்டி பிறந்தால்தான் விடை. நமக்கு அந்த நெருக்கடி எல்லா மார்ஃபுக்கும் இல்லை.

ஒன்பதும் ஆறும்

இவ்வளவும் சொல்லிவிட்டு, வைத்திருந்த அண்ணன் தங்கை இரண்டையும் நான் ஜோடி சேர்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டு யோசித்தேன். குட்டிகளை எடுத்துக்கொள்ள எட்டுப் பேர் முன்கூட்டியே உறுதி சொன்ன பிறகுதான் சம்மதித்தேன். இரண்டும் அனெரிக்கும் சார்கோலுக்கும் ஹெட். இது சதவீதம் போட வேண்டாத ஹெட், பெற்றோரின் உடலே சாட்சி. இந்த முறை கட்டத்தைப் பென்சிலால் போட்டேன். பதினாறு அறை: ஒன்பது நார்மல், மூன்று அனெரி, மூன்று சார்கோல், இரண்டும் சேர்ந்தது ஒன்று. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினால் ஒன்பது சிவப்பு, ஏழு சாம்பல். பேட்சனும் புன்னட்டும் பார்த்த அதே 9க்கு 7.

17 முட்டைகள். ஈரமான வெர்மிகுலைட்டில், 28 டிகிரி சூட்டில், 61ஆம் நாள் முதல் கீறல். 15 பொரிந்தன. 9 நார்மல், 6 சாம்பல். முதல் சாம்பல் தலை வெளியே வந்தபோது பெட்டியை மூடிவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாட்டி தாத்தாவின் நிறம் ஒரு தலைமுறை முழுக்க யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

ஒன்பது நார்மல் குட்டிகளுக்கும் "66% ஹெட் அனெரி, 66% ஹெட் சார்கோல்" என்று எழுதி, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் விளக்கியும் கொடுத்தேன். சாம்பல் குட்டிகளின் சீட்டில் மார்ஃப் பெயர் எழுதவில்லை. "சாம்பல். அனெரி அல்லது சார்கோல் அல்லது இரண்டும். கழுத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று எழுதினேன். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பெயர் இல்லாத பாம்பை எப்படி வாங்குவது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன், தெரியாததை எழுத மாட்டேன் என்றேன். அவர் வாங்கவில்லை. அந்தக் குட்டி என்னிடமே தங்கிவிட்டது.

அதற்கு இப்போது ஏழு மாதம். நேற்று சட்டை உரித்தது, கிழியாமல் ஒரே துண்டாக. பெட்டியைச் சுத்தம் செய்யக் கையில் எடுத்தபோது இடது தாடைக்குக் கீழே ஒரு செதிலின் ஓரம் வெளுத்த மாதிரி இருந்தது. ஜன்னல் ஓரம் கொண்டுபோனேன். மஞ்சளா, புதுச் சட்டையின் பளபளப்பா? வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. குறிப்பேட்டில் தேதி போட்டு, "இடது தாடை, ஒரு செதில், மஞ்சளாக இருக்கலாம்" என்று எழுதினேன். அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இன்னும் ஒரு சட்டை உரிக்கட்டும்.